கசிவுப் பதிவேடு

"கேள்வி நாற்பத்திரெண்டு. குளிரூட்டும் இயந்திரத்தில் கேஸ் கசிவதை எவ்வாறு அறிவாய்?"

"குழாய் மேல எண்ணெய்க் கறை படிஞ்சிருக்கும். சந்தேகம்னா சோப்பு நுரையைத் தடவினா குமிழி விடும்."

"தப்பு."

"எப்படித் தப்பாகும்? முப்பது வருஷமா அப்படித்தானே பார்க்கிறேன்."

"எண்ணெய், சோப்பு எதுவுமே இதுல போடலைங்க. அ, கண்ணால் பார்த்து. ஆ, காதால் கேட்டு. இ, கசிவுப் பதிவேட்டைப் பார்த்து. ஈ, இவை எதுவுமில்லை. சரியான விடை இ."

"பதிவேட்டுல யாரு எழுதுவாங்க?"

"கசியுதுன்னு தெரிஞ்சவங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதிவேட்டைப் பார்த்துத்தான்." உதட்டில் கவ்விய ஊசியை எடுத்துவிட்டு மனைவி சிரித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லாதீங்க. எழுத்துத் தேர்வுல முதல் தடவை அப்படித்தானே கோட்டை விட்டீங்க? அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. சரி, இன்னிக்குச் சாப்பாடு எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

"உப்பே போடலை."

மாஸ்டர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார்.

"வேணும்னுதான் போடலை. முப்பத்தொரு வருஷம் ஆச்சு. உப்புக் குடுன்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? நான் போறதுக்குள்ள ஒரு தடவையாவது வாயைத் திறந்து எதையாவது கேளுங்க. கேட்டுட்டுத்தான் போவேன்."

இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். கேட்காமலே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை தையல் மிஷின் மேல் தலை சாய்த்தவள் நிமிரவில்லை. ஊசிக்கடியில் ஒரு பாவாடை பாதியில் நின்றது. பக்கத்தில் கேள்விப் புத்தகம் நாற்பத்தெட்டாம் கேள்வியில் திறந்து கிடந்தது.

மாஸ்டர் என்பது அவருக்குத் தொழில் கொடுத்த பட்டம். மீன் கிடங்கு, பழக் கிடங்கு, மருந்துக் கிடங்கு என்று ஊரில் எங்கெல்லாம் பெரிய குளிரறை இருக்கிறதோ அங்கெல்லாம் அவர் கை பட்டிருக்கும். கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். ஊருக்கே குளிர் கொடுத்தவருக்கு வாய்த்த மனைவிக்குக் குளிரே ஆகாது. மின்விசிறியை ஒன்றாம் எண்ணுக்கு மேல் திருப்ப விடமாட்டாள். தைத்து மிஞ்சிய துணித் துண்டுகளையெல்லாம் சேர்த்துத் தானே ஒரு போர்வை தைத்து, வெயில் காலத்திலும் கால்மாட்டில் வைத்துக்கொள்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன் வாரியம் வந்தது. குளிர்வாயுவைக் கையாள்வோரைச் சோதித்துச் சான்று தரும் வாரியம். கேஸ் காற்றில் கலந்தால் வானத்துக்குக் கேடு என்பது மாஸ்டருக்கும் தெரியும். அதனால்தான் அவர் ஒரு மூச்சளவு கேஸைக்கூட வீணாக்கமாட்டார். வாரியமும் வானத்தைக் காக்கத்தான் வந்தது. வந்தவுடன் முதல் வேலையாக எல்லா இயந்திரங்களுக்கும் ஈய முத்திரை வைத்தது. சான்றிதழ் இல்லாதவன் முத்திரையை உடைத்தால் அவனுக்குத் தண்டனை, இடத்துக்குப் பூட்டு. சான்றிதழைக் காட்டாதவனுக்குக் கடையில் கேஸ் கிடையாது.

தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பு ஆறு மாதம் நடந்தது. ஜன்னல் திறக்காத ஒரு கூடத்தில் ஐம்பது மெக்கானிக்குகள் உட்கார்ந்து வியர்த்தார்கள். தலைக்கு மேல் ஓர் ஏசி இருந்தது. அது ஓடவில்லை. கீழே இருந்த ஐம்பது பேருக்கும் அதில் என்ன கோளாறு என்று தெரியும்.

ஐஸ்கிரீம் கிடங்கில் வேலை பார்ப்பவரை எல்லோரும் ஐஸ்கட்டி என்று கூப்பிடுவார்கள். அவர்தான் எழுந்தார். "சார், பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கங்க. திறக்கும்போது மலை உச்சியில இருப்பீங்க."

"தொட்டா ஆறு மாசம் தடை," என்றார் வகுப்பெடுப்பவர். அவர் முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். "இந்த ஏசியைச் சரிசெய்யத் தகுதியானவங்க, இந்த வகுப்பை முடிச்சவங்க மட்டும்தான்."

"போன வருஷம் முடிச்சவங்க?"

"அவங்கல்லாம் இப்ப வாரியத்துல அதிகாரியா இருக்காங்க. அவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் இல்லை."

நிறைவு நாளன்று வாரியச் செயலாளரே வந்து பேசினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நாங்க வர்றதுக்கு முன்னால வருஷத்துக்கு ஆயிரம் கசிவு பதிவாச்சு. என்ன கொடுமை பாருங்க! நாங்க சும்மா இருக்கலை. ஒரு பக்கமா இருந்த கசிவுப் படிவத்தைப் பன்னிரண்டு பக்கமா ஆக்கினோம். ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்னு வெச்சோம். போன வருஷம் எத்தனை கசிவு தெரியுமா? பதினொண்ணு! இந்த வருஷம் படிவம் அச்சடிக்கறதையே நிறுத்திட்டோம். ஒரு கசிவுகூட இல்லை!"

கூடம் கைதட்டியது. கைதட்டும்போது கொஞ்சம் காற்று வந்ததால் நிறைய நேரம் தட்டியது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் கேள்வி கேட்பது அவள் வேலையாயிற்று. இரண்டாம் தடவை எழுத்துத் தேர்வில் தேறியது அவளால்தான். பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். அதிலேயே சில வாய்மொழிக் கேள்விகளும் வரும். நாள் வியாழக்கிழமை.

அவள் போனது செவ்வாய்க்கிழமை. கடல் கடந்து இருக்கும் மகள் இரண்டு விமானம் மாறி வெள்ளிக்கிழமை மாலைதான் வந்து சேர முடியும். அதுவரை அம்மாவை வைத்திருக்க ஆஸ்பத்திரிப் பிணவறையில் மூன்றாம் தட்டில் இடம் கிடைத்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் அந்தக் குளிரறைக்கு இயந்திரம் பூட்டியவர் மாஸ்டர்தான்.

கதவை மூடியதும் பழக்கத்தில் வெப்பமானியைப் பார்த்தார். இரண்டு காட்ட வேண்டியது ஆறு காட்டியது. பின்பக்கம் நடந்துபோய் இயந்திரத்தைப் பார்த்தார். முத்திரை வைத்த கம்பி வலைக்குள், செம்புக் குழாய் வந்து சேரும் நட்டுக்குக் கீழே எண்ணெய்க் கறை. உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது.

"ரெண்டு வாரமா இப்படித்தான் மாஸ்டர்," என்றார் பிணவறைக் காவலர். "சான்றிதழ்காரர் ஒருத்தர் வந்தாரு. கோட்டெல்லாம் போட்டிருந்தாரு. போட்டோ எடுத்தாரு, 'குளிர்ச்சி குறைவாக உள்ளது'ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் ஐஸ் பாளம் வாங்கி அடுக்கிட்டிருக்கேன். வேற ஆஸ்பத்திரியில கேட்டேன், எங்கயும் இடம் இல்லை."

மாஸ்டர் வலைக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். நட்டுக்கும் விரலுக்கும் நடுவே நான்கு அங்குலம்.

"உடைச்சுடாதீங்க மாஸ்டர். உடைஞ்சா அறையைப் பூட்டிடுவாங்க. அப்புறம் உள்ள இருக்கறவங்களை எங்க கொண்டு போறது?"

மாஸ்டர் விரலை எடுத்துக்கொண்டார். கருவிப் பையில் ஸ்பேனர்களுக்கு மேலே, வீட்டிலிருந்து எடுத்து வந்த அந்தத் துணித்துண்டுப் போர்வை மடித்து இருந்தது. காவலர் அதைப் பார்த்துவிட்டார்.

"வெளித்துணி உள்ள போகக் கூடாதுன்னு விதி. ஆனா மேலாளர்கிட்டக் கேட்டா விட்டுடுவாரு. கேளுங்க மாஸ்டர்."

மாஸ்டர் மேலாளர் அறை வாசல்வரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. மேலாளர் தலையைத் தூக்கி "என்ன வேணும்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். கேட்டுப் பழகாத நாக்கு. உப்புக்கே அசையாதது இதற்கா அசையும்? பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

புதன்கிழமை காலை வெப்பமானி எட்டு காட்டியது. அவள் தம்பி வந்து மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனான். மைத்துனன் மாமாவுக்கு நேர் எதிர். பஸ்ஸில் ஜன்னல் இடத்தைக்கூடக் கேட்டு வாங்குகிறவன்.

"எங்க அக்கா தவறிட்டாங்க சார். நாளைக்கு மாமாவுக்குத் தேர்வு. தள்ளி வைக்கணும்," என்றான்.

எழுத்தர் நல்ல மனிதர். எழுந்து நின்று, தலையைக் குனிந்து, வருத்தம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். "ஒத்திவைக்க ஒரே காரணம்தான் இருக்கு சார். தேர்வர் இறப்பு. இறந்தவங்க தேர்வுக்கு விண்ணப்பிச்சிருந்தாங்களா?"

"எங்க அக்காவா? இல்லை."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. விண்ணப்பிச்சிருந்தா அவங்களுக்குத் தாராளமா ஒத்திவெச்சுக் குடுத்திருப்பேன்." உண்மையிலேயே அவர் குரல் தழுதழுத்தது. "நீங்க இறந்திருந்தாலும் சுலபமா முடிஞ்சிருக்கும் சார்."

மாஸ்டர் தலையாட்டினார். முந்தின நாளிலிருந்து அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு விஷயம்," என்றார் எழுத்தர். "தேர்வு மெஷின்ல கேஸ் இல்லை. சான்றிதழ் உள்ளவங்கதான் ஏத்தணும், அவங்களுக்கு ஏத்தத் தெரியலை. அதனால தேர்வரே ஓர் இடத்தை எழுதலாம். அங்க இருக்கற மெஷின்ல தேர்வு. கேஸை வாரியமே கொண்டு வரும். தேர்வு நடக்கற நேரம் மட்டும் முத்திரையை எடுக்கலாம்."

மாஸ்டர் நிமிர்ந்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் முதன்முதலாக ஏதோ அசைந்தது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும். பேனாவை வாங்கி எழுதினார்: ஆஸ்பத்திரிப் பிணவறை.

எழுத்தர் அடுத்த வரியைப் படித்தார். "'சேமிப்பிலுள்ள பொருள்?' ம்... இதை நானே போட்டுக்கறேன். 'சேமிப்பிலுள்ள பொருளுக்கும் தேர்வருக்கும் உறவு அல்லது உரிமை உண்டா?' உண்டுன்னா அந்த இடம் செல்லாது சார். சான்றிதழும் ரத்து. போன வருஷம் ஒருத்தர் சொந்த மச்சானோட மீன் கிடங்கை எழுதிட்டாரு. மீனுக்கும் அவருக்கும் உரிமை இல்லைன்னு நிரூபிக்கவே எட்டு மாசம் ஆச்சு."

மைத்துனன் வாயைத் திறந்தான். மாஸ்டர் மேசைக்கடியில் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார். மறு கையால் எழுதினார்: இல்லை.

முப்பத்தொரு வருடம் மூன்று எழுத்தில் முடிந்தது.

"கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்கு. 'தேர்வரின் வேண்டுகோள்.' அதுலயும் இல்லைன்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அதையும் எழுதினார்.

வெளியே வந்ததும் மைத்துனன் சுவரில் சாய்ந்து அழுதான். "எங்க அக்காவை யாரோன்னு எழுதிட்டீங்களே மாமா."

"நாளைக்கு மெஷின் ஓடணும்டா," என்றார் மாஸ்டர்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தேர்வாளர் வந்தார். குளிரறை என்று சொல்லியிருந்ததால் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். வாசலில் பலகையைப் படித்ததும் கோட்டுக்குள் வியர்த்தது. மேசையையும் நாற்காலியையும் பின்கட்டில் போடச் சொல்லி, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெப்பமானி பதினொன்று காட்டியது. கூட ஒரு கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு தேர்வுக்கும் வந்துபோகும் சிலிண்டர், ஒருவரும் திறந்ததில்லை. மூடியின் மேல் வாரியத்தின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

"முதல்ல வாய்மொழி," என்றார் தேர்வாளர். "கேஸ் கசிவதை எவ்வாறு அறிவாய்?"

மாஸ்டருக்கு நேரெதிரே, கம்பி வலைக்குள், எண்ணெய்க் கறை வெயிலில் பளபளத்தது.

"கசிவுப் பதிவேட்டைப் பார்த்து," என்றார்.

"முழு மதிப்பெண். நல்லாப் படிச்சிருக்கீங்க. யார் சொல்லிக் குடுத்தாங்க?"

மாஸ்டர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

தேர்வாளர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் வெள்ளை. "பதிவேட்டுல கசிவே இல்லையே. அப்ப கசியலை. கசியாத மெஷினை எதுக்குத் திறக்கணும்? மேல்பார்வைக்குச் சரின்னு போட்டு முடிச்சிடலாம். எல்லாருக்கும் அப்படித்தான் முடிப்பேன்."

மாஸ்டரின் கை ஸ்பேனர் மேலேயே நின்றது. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பின்னால் நின்ற காவலர்தான் பேசினார்.

"ஐயா, நீங்க எழுதினா கசியும்."

தேர்வாளர் யோசித்தார். இந்த வருடம் ஒரு கசிவையும் கண்டுபிடிக்காத வாரியத்தில் ஒரு கசிவைக் கண்டுபிடித்தவராக அவர் இருக்கலாம். பேனாவைத் திறந்து எழுதினார்: 'இன்று காலை 10.40 மணி முதல் கசிகிறது.' அந்த நிமிடத்திலிருந்து அந்த இயந்திரத்தில் சட்டப்படி கேஸ் கசியத் தொடங்கியது. முத்திரையை வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு மாஸ்டருக்கு யாரும் தேவைப்படவில்லை. மிச்சமிருந்த கேஸை ஒரு பொட்டு வெளியே விடாமல், தான் கொண்டுவந்த காலி சிலிண்டருக்கு இழுத்தார். நட்டைக் கழற்றினார். குழாயின் வாய் மயிரிழை அளவு வெடித்திருந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன், நட்டில் பொருந்துவதற்காக அவரே புனல் போல விரித்த வாய். அதை அறுத்துவிட்டுப் புதிதாக விரித்துப் பூட்டினார். நுரை தடவிச் சோதித்தார். காதை வைத்துக் கேட்டார்.

"காது வெச்சுக் கேட்கறது படிவத்துல இல்லை. ரெண்டு மதிப்பெண் குறைச்சாச்சு," என்றார் தேர்வாளர். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தார். "இதுவரைக்கும் நூத்தி நாற்பது பேரைத் தேர்வு பண்ணிருக்கேன். மெஷினைத் திறந்த முதல் ஆள் நீங்கதான். உள்ள இவ்வளவு குழாயா இருக்கும்?"

குழாய்க்குள் இருந்த காற்றை வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு வாரியத்தின் சிலிண்டரைத் தராசில் வைத்து, நிறுத்து, கேஸை ஏற்றினார். கம்ப்ரஸர் ஒரு தடவை உறுமிவிட்டு ஓடியது. உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். இனி நோயில்லை.

தேர்வாளர் அப்போதே கிளம்பியிருப்பார். 'முடிவு வெப்பநிலை' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் போக முடியாது. எல்லோரும் கதவுக்கு முன்னால் வந்து காத்திருந்தார்கள். பதினொன்று ஒன்பதாயிற்று. ஏழாயிற்று. ஐந்தாயிற்று. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் உள்ளே தட்டுகளின் விளிம்பு மட்டும் தெரியும், ஆள் தெரியாது. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் மாஸ்டரின் தோள் சுருங்கியது. மின்விசிறி இரண்டில் ஓடினாலே 'கொல்லப் பார்க்கறீங்களா?' என்று போர்வையை இழுத்துக்கொள்கிறவள். அவளுக்காகத் தன் கையாலேயே குளிரை வரவழைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு வெப்பமானி இரண்டைத் தொட்டது. நாளை மாலை மகள் வந்து அம்மா முகத்தைப் பார்க்கலாம். காவலர் கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை.

"தேறிட்டீங்க," என்றார் தேர்வாளர். சான்றிதழை மேசையில் விரித்து, முத்திரையை மையில் ஒற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எழுபத்தெட்டு. இனிமே எந்த மெஷினையும் நீங்க தொடலாம், யாரும் கேட்க முடியாது. சம்பிரதாயத்துக்கு ரெண்டு வரி படிச்சிடறேன். 'சேமிப்பிலுள்ள பொருளுக்கும் தேர்வருக்கும் உறவு இல்லை.' நேத்தே எழுதிட்டீங்க. 'தேர்வரின் வேண்டுகோள்.' அதுவும் இல்லைதானே? நானே போட்டுடறேன்."

பேனா தாளில் இறங்கியது. 'இ' என்று முதல் எழுத்து விழுந்தது.

"இருக்குங்க," என்றார் மாஸ்டர்.

தேர்வாளர் நிமிர்ந்தார். காவலர் மெல்ல ஒதுங்கி நின்றார். மாஸ்டர் குனிந்து கருவிப் பையின் ஜிப்பைத் திறந்தார். மேலே இருந்த போர்வையை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அதில் சிவப்பு, ஊதா, பூப்போட்டது என்று நூறு துண்டுத் துணிகள். ஒன்றில் ஊசி குத்தியபடியே இருந்தது. இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றது, முப்பத்தொரு வருடமாக நாக்கில் ஏறாதது, இப்போது ஏறியது.

"மூணாம் தட்டுல இருக்கறது என் பொண்டாட்டிங்க. அவளுக்குக் குளிர் ஆகாது. இதை மட்டும் போர்த்திட்டு வந்துடறேன், கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்க."